நடுவில் அரை மணி நேரம்

அந்த எண்ணைக் கணவர் சொன்னபோது அவள் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கூடத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தவர், தூக்கத்தில் முனகுகிறவரைப் போல, ஆனால் ஓர் எழுத்துகூடக் குழறாமல், "மூணு ஏழு ரெண்டு ஒண்ணு" என்றார். பிறகு, "லைன் பிஸியா இருக்குங்க, கொஞ்சம் இருங்க" என்றார்.

பால் பொங்கி வழிந்து அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகிப் படபடத்தது. கரண்டியைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, அவள் கூடத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது தீயணைப்பு நிலையத்தின் பழைய எண். ஊருக்கே நாலு இலக்கம் போதுமாக இருந்த காலத்து எண். அதெல்லாம் மாறி, இணைப்புக் கொடுத்த தொலைபேசி நிலையக் கட்டடமே இடிபட்டு, அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். அந்தக் கட்டடத்தில் முப்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். எந்தக் கடை, எந்த டாக்டர், எந்த வக்கீல் என்று பெயரைச் சொன்னால் போதும், புத்தகத்தைப் புரட்டாமல் இணைப்பைச் சொருகிவிடுவாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு 'டைரக்டரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஊர்ல எல்லாரும் டைரக்டரிய காசு கொடுத்து வாங்குறான், நான் மாலை போட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவரோ லாரி ஓட்டியவர். சொந்த வீட்டு எண்ணையே வண்டியில் ஸ்டியரிங்குக்கு மேலே சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டிருந்த மனிதர்.

"என்னங்க, இப்ப என்ன சொன்னீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். "நான் என்ன சொன்னேன்? பால் தீயுது பாரு. மூக்கு இல்லையா உனக்கு?"

ஒரு வருடமாக அவர் மூக்குக்கு எந்த வாசனையும் எட்டியதில்லை. அவளுக்கோ, அவர் சொன்ன பிறகுதான் அந்தத் தீய்ந்த வாடை தெரிந்தது.

எல்லாம் அவர் ரொட்டி வாங்கப் போன ஒரு நாளில் தொடங்கியது. போனவர் மூன்று மணி நேரமாகத் திரும்பவில்லை. தேடிப் போனபோது, நாலு தெரு தள்ளி, யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும், "பூட்டை ஏன் மாத்தின?" என்று கோபித்துக்கொண்டார். பாதி தேசத்துச் சாலைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படித் தெருவில் கைபிடித்து நடந்தவர்கள் இல்லை.

மருத்துவமனையில் மறதிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கிருந்த நர்ஸ் இரண்டு பேருடைய போனிலும் ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா?" என்றாள் அவள். "எனக்கு எதையும் மறக்க முடியலங்கறதுதான் வியாதி."

நர்ஸ் சிரித்தாள். "கூட இருக்கிறவங்களும் செஞ்சா ஒப்பிட்டுப் பார்க்க வசதிம்மா. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ரெண்டு கோடு வரும். ஐயாவோட கோடு இறங்க ஆரம்பிச்சா எங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். சீக்கிரம் தெரிஞ்சாத்தானே ஏதாவது செய்யலாம்?"

தினமும் நாலு மணிக்குப் போன் மணியடிக்கும். திரையில் ஓர் அறை வரும். மேஜை, ஜன்னல், அலமாரி. மேஜைமேல் ஒரு குடை, அலமாரியில் ஒரு பூட்டு. நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும். இப்படி ஆறு அறைகள், பன்னிரண்டு பொருட்கள். பிறகு திரை அணைந்துவிடும். நடுவில் அரை மணி நேரம். டிவி கூடாது, எழுதி வைக்கக் கூடாது, இரண்டு பேரும் ஒரே இடத்தில் அமைதியாக இருந்தால் நல்லது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அரை மணி கழித்து அதே அறைகள் காலியாக வரும். ஓரிடத்தில் ஒரு வட்டம் விழும். இங்கே என்ன இருந்தது?

முதல் மாதம் அவருக்கு இரண்டு, மூன்று. அவளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு.

"காலியா இருக்கிற மேஜையைக் காட்டி என்ன இருந்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? எடுத்தவன்கிட்ட கேளு" என்று அவர் போனைத் தள்ளிவிடுவார். அவள் சிரித்துக்கொண்டே அதை எடுத்து மறுபடி அவர் கையில் வைப்பாள்.

அந்த அரை மணி நேரம் அவளுக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. திரைச்சீலை வழியாக வடிகட்டி வரும் மாலை வெயில் தரையில் தேன் கொட்டியதுபோல் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகளின் கூச்சல் தெருக்கோடியில் எழுந்து தேய்ந்து அடங்கும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்ளும். எதிரும் புதிருமான இரண்டு நாற்காலிகளில், மடியில் அணைந்த போன்களோடு, பேச ஒன்றுமில்லாத இரண்டு கிழங்கள்.

இரண்டாவது மாதத்தில்தான் அந்த ஓசையைக் கவனித்தாள்.

ஓசை என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் இணைப்பில் மூன்றாவதாக யாராவது காது கொடுத்தால், குரல்களுக்கு அடியில் ஒரு பொந்து விழும். சாதாரண ஆளுக்குத் தெரியாது. முப்பது வருடம் காதை அடகு வைத்தவளுக்குத் தெரியும். யாரும் எதையும் பேச மாட்டார்கள், மூச்சுகூட விட மாட்டார்கள், ஆனாலும் கம்பியில் காற்று கொஞ்சம் ஆழமாகிவிடும். அப்படி ஆழமானது கூடம். மின்விசிறியின் செருமல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. தொலைபேசி நிலையத்துப் பலகையில் இணைப்பு முளையைச் சொருகும்போது வருமே, மெத்தென்ற ஒரு 'க்ளிக்', அது அவள் பிடரிக்குள் எங்கோ கேட்டது.

அன்றைக்கு அவருக்கு ஐந்து.

மறுவாரம் ஏழு. அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தாள். தனக்கு எட்டு வந்ததைப் பற்றி நினைக்கவில்லை. வயசானால் ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி.

அதற்கு அடுத்த வாரத்தில்தான் அவர் அந்தத் தீயணைப்பு நிலைய எண்ணைச் சொன்னார்.

நர்ஸ் போன் செய்தாள். "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் போனை மாத்தி எடுத்துக்கிறீங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"ஐயாவுக்கு நேத்து பன்னிரண்டுக்குப் பதினொண்ணு. உங்களுக்கு நாலு. கோடு ரெண்டும் நடுவுல வெட்டிக்கிட்டுப் போகுது. இப்படி நாங்க பார்த்ததே இல்ல. அதான், போன் மாறிடுச்சோன்னு..."

"இல்லம்மா. அவர் போன் கறுப்பு உறை. என்னோடது..." என்று தொடங்கியவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். பச்சை. "பச்சை" என்றாள். பார்க்காமல் சொல்லியிருக்க முடியாது என்பது போனை வைத்த பிறகு உறைத்தது.

அதற்குள் எண்களைத் தாண்டி வேறு நினைவுகளும் வர ஆரம்பித்திருந்தன. ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் தானாகச் சிரித்தார். "அந்தப் புதுச் செருப்பு ஞாபகம் இருக்கா? கடைத்தெருக் கூட்டத்துல ஒண்ணு காணாமப் போயிடுச்சே. அம்மா அடிப்பாங்கன்னு பயந்து, வீடு வர்ற வரைக்கும் ஒத்தக்கால்லயே நொண்டிக்கிட்டு வந்தேன். அம்மா அடிக்கவே இல்ல. அவங்களும் ஒரு செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு என்கூடவே நொண்டி நொண்டி வந்தாங்க."

"உங்கம்மாவா?" என்று கேட்டாள். அவருடைய அம்மா அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவள்.

"எங்கம்மாதான்" என்றார் அவர் குழப்பமாக. "நீலச் சட்டை போட்டிருந்தேன். பொம்மை பொத்தான் வச்சது."

நல்ல கதையாக இருந்தது. யார் கதை என்றுதான் தெரியவில்லை. அவர் தூங்கப் போனபின் அலமாரியிலிருந்த பழைய படங்களை எடுத்துப் பார்த்தாள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி, பொம்மை பொத்தான் வைத்த சட்டையில், ஒரு கால் வெறுங்காலாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண்மணி. அவளும் ஒரு செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் தன் பெயர், தன் கையெழுத்து.

படத்திலிருந்த அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அழகான முகம். அந்த முகம் எப்படிப் பேசும் என்று யோசித்தாள். யோசித்த இடத்தில் ஒன்றுமில்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம்போல் இருந்தது.

வார இறுதியில் மகள் வந்தாள். வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே அவர் எழுந்து நின்று, "வாடி சின்னவளே, மெலிஞ்சுட்டியே" என்றார். ஐந்து மாதமாக அவளை யார் வீட்டுப் பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். மகள் பையைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளில் முகம் வைத்து அழுதாள்.

"அப்பா திரும்பி வந்துட்டாரும்மா" என்றாள் சமையலறையில். பிறகு தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தாள். "உப்பு போட்டிருக்கம்மா."

"அப்படியா?"

"நீதான் ரொம்பக் களைச்சுப் போயிட்ட. அவரைப் பார்த்துப் பார்த்து உன்னை விட்டுட்ட. கொஞ்சம் தூங்கும்மா."

சொல்லலாம் என்று வாயெடுத்தாள். எதைச் சொல்வது? உங்கப்பாவுக்கு வருவதெல்லாம் என்னிடமிருந்து போவது என்றா? கூடத்தில் அவர் மகளுடைய பையனுக்கு வாங்கிவைத்த பந்தைத் தட்டிக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வருடம் கழித்துக் கேட்ட சிரிப்பு. கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

மகள் போன மறுநாள், இரண்டு போன்களையும் அணைத்துப் போர்வைகளுக்கு அடியில் மறைத்துவைத்தாள். நாலு மணிக்குக் கூடத்தில் உட்காரவில்லை. மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

போனது எதுவும் திரும்பவில்லை. ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும், நாக்கால் விழுந்த பல்லின் இடத்தைத் தடவுகிறமாதிரி, அந்த இடங்களைத் தடவிப் பார்த்தாள். அம்மாவின் குரல். தொலைபேசி நிலையத்தின் மாடிப்படிகள். பள்ளிக்கூடம். ஈறு மட்டும்தான்.

ஆனால் திரும்பி வந்த அவர் மறுபடியும் போய்விட்டார். நாலே நாளில். முன்பு ஒரு வருடமாக மெல்ல மெல்ல இறங்கிய படிகளில் இப்போது உருண்டு விழுந்தார். கரண்டி எதற்கு என்று தெரியவில்லை. கண்ணாடியில் தெரிந்த கிழவனைப் பார்த்துக் கத்தினார். ஒன்பதாம் நாள் விடியலில் படுக்கை காலியாக இருந்தது. நடையில் நின்றிருந்தார், உடை நனைந்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி. தரையெல்லாம் ஈரம். அவளைப் பார்த்ததும் வெட்கத்தோடு ஒதுங்கி நின்றார்.

"அக்கா" என்றார். "எங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்? இருட்டுறதுக்குள்ள போகணும் அக்கா. அவ தனியா இருக்கா."

"யாருங்க தனியா இருக்கா?"

அவர் யோசித்தார். பெயருக்காக வாய் திறந்து, திறந்தபடியே நின்றது. பிறகு சிறு பிள்ளையைப்போல் உதடு கோணி அழுதார். "அவதான் அக்கா."

அவரைக் கழுவித் துடைத்து, உலர்ந்த உடை போட்டு, தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் நிற்கவில்லை. வெளியே வெளுத்தது. இந்த மனிதர் வாரக்கணக்கில் சாலையில் கிடந்து, உப்புப் பூத்த சட்டையோடு வந்து, முகம் கழுவுமுன்பே அவளைத் தேடுவார். அதெல்லாம் அவளிடம் இன்னும் இருந்தது. எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. இருப்பதை வைத்துக்கொண்டு அவர் இப்படி நடுங்குவதைப் பார்ப்பதா?

எழுந்துபோய்ப் போர்வைகளுக்கு அடியில் கை விட்டாள்.

எல்லாம் போகட்டும், ஒன்றே ஒன்றைத் தவிர. அதை மட்டும் கொடுக்கமாட்டேன்.

சின்னவளுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். அவர் எங்கோ வெள்ளத்தில் மாட்டி வண்டியோடு நின்றிருந்த வாரத்தில், மாதம் நிறையாமல், மூச்சில்லாமல் பிறந்தவள். பார்க்க வேண்டாம் என்றார்கள். பார்ப்பேன் என்றாள். வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். பத்து நிமிடம். நெற்றியில் ஈர முடி. இடது காதின் மேல் மடிப்பில் ஒரு மச்சம், கடுகளவு. கீழுதடு கொஞ்சம் துருத்தி, கோபித்துக்கொண்டு தூங்குகிறவளைப்போல். உள்ளங்கைச் சூடு தன் சூடா குழந்தையின் சூடா என்று தெரியாமல் அந்தச் சின்னக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை அதற்கு முன்னும் பின்னும் உரக்கச் சொன்னதில்லை. அவர் நாலு நாள் கழித்து வந்து, தலைமாட்டில் நின்று, "விடு, அடுத்தது நல்லபடியா வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார். அதன்பின் அந்தப் பேச்சே அந்த வீட்டில் இல்லை. இரண்டாவது பெண்ணை அவள் 'சின்னவ' என்று கூப்பிட்டாள். ஒண்ணே ஒண்ணு, அதுல என்ன சின்னவ பெரியவ என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அவள் சிரித்து வைப்பாள். தினமும் விடியலில், வீடு விழிக்கும் முன், அந்தப் பத்து நிமிடத்தை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மூடி வைப்பாள். முப்பத்தெட்டு வருடம். ஒரு நாள் தவறியதில்லை.

நாலு மணிக்குப் போன் மணியடித்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆறு அறைகள் வந்து போயின. திரை அணைந்தது.

கூடம் ஆழமானது.

பிடரியில் அந்த 'க்ளிக்'.

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எடுத்துக்கோ, என்று மனதுக்குள் சொன்னாள், யாரிடம் என்று தெரியாமலே. கல்யாணத்தை எடுத்துக்கோ. என் வேலையை எடுத்துக்கோ. எங்க அப்பாவை எடுத்துக்கோ. இது மட்டும் வேண்டாம். கையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள், துண்டைப் பிடிப்பதுபோல். ஈர முடி. காது. உதடு. ஈர முடி. காது. உதடு. மின்விசிறி கிணற்றுக்குள் செருமியது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிக அருகில். மிகப் பொறுமையாக.

நாளாக நாளாக அவர் தெளிந்தார். நாலாம் நாள் தானே குளித்தார். ஆறாம் நாள் அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டார். அவளுக்கு அடுப்பைப் பற்றவைப்பது எப்படி என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. படுக்கையறைக்குப் போகப் புறப்பட்டு, அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. எதைப் பற்றிய பயம் என்று பிடிபடாத பயம். விடியலில் மட்டும், மார்பில் கையை மடித்து வைத்து, எண்ணிப் பார்ப்பாள். முடி. காது. உதடு. இருந்தது.

எத்தனையாவது நாள் என்று தெரியாத ஒரு மாலையில், அந்த அரை மணி நேரத்தின் நடுவே, எதிர் நாற்காலியில் ஒரு விம்மல் கேட்டது.

அவர் இரண்டு கைகளையும் மார்போடு மடித்து வைத்துக்கொண்டிருந்தார். குனிந்து கைகளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது.

"எவ்வளவு சின்னக் காது" என்றார். "இங்க பாரேன். இடது காது மேல ஒரு மச்சம். கடுகு மாதிரி."

அவள் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை.

"நெத்தியில முடி ஈரமா ஒட்டியிருக்கு. உதட்டைப் பாரு, கோவிச்சுக்கிட்டுத் தூங்குது. கால் இன்னும் சூடா இருக்கே. சூடா இருக்கு, இவங்க உயிர் இல்லன்னு சொல்றாங்களே!" அவர் நிமிர்ந்தார். அப்படி ஒரு முகத்தை அவள் அவரிடம் கண்டதில்லை. "பத்தே நிமிஷம்தான் கொடுத்தாங்க. நீ தனியாவா இருந்த? இத்தனை வருஷம் இதை நீ தனியாவா வச்சிருந்த? நான் வந்து நின்னு, அடுத்தது வரும்னுட்டுப் போனேனே. பாவி. என்னை ஏன் நீ அடிக்கல?"

நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் மண்டியிட்டு, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினார். ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லிக் கதறினார். அழகான பெயர். யாராவது குழந்தைக்கு வைத்தால் நன்றாக இருக்கும்.

முப்பத்தெட்டு வருடமாக அவள் இந்த ஒரு அழுகைக்காகக் காத்திருந்தாள். அது அவளுக்குத் தெரியவில்லை. பாவம், யாரோ குழந்தையை இழந்த மனிதர் என்று தோன்றியது. அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதீங்க" என்றாள். "யார் குழந்தை அது?"

அழுகை நின்றது. சட்டென்று நின்றது.

மடியில் கிடந்த தலை அசையவில்லை. கூடத்தின் ஆழம் கூடியது. தெருக்கோடியில் பிள்ளைகளின் கூச்சல் அறுந்துபோனது. அவள் கையை மார்பில் மடித்துப் பார்த்தாள். ஏன் மடிக்கிறோம்? ஏதோ எண்ண வேண்டும். மூன்று. மூன்று ஏதோ. முதலாவது என்ன?

காலி அறை. வட்டம். இங்கே என்ன இருந்தது?

எழுந்தாள். மகளைக் கூப்பிட வேண்டும். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். இப்போதே. அது மட்டும் தெளிவாக இருந்தது. போனை எடுத்தாள். எண் வரவில்லை. ஒரு இலக்கம்கூட வரவில்லை. பெயர்கள் வரிசையாக ஓடின. எல்லாம் யாரோ.

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை மென்மையாக வாங்கிக்கொண்டது.

அவர் வரிசையைப் பார்க்கவில்லை. பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி அழுத்தினார். மணி போனது. எடுத்தார்கள்.

"சின்னவளே, நான்தாண்டி" என்றார்.

அது அவர் குரல் இல்லை. நிதானமான, முனையில் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற குரல். முப்பது வருடம் காதில் கருவியை மாட்டிப் பேசிப் பழகிய அவள் குரல்.

"சொல்லும்மா" என்றது போன்.

"நான் இங்க..." என்று அவள் கத்தப் பார்த்தாள். அவருடைய குரலில் கரகரத்த, தடித்த ஓசை ஒன்று வந்தது. வார்த்தை வரவில்லை.

"யாரும்மா அது? அப்பாவா?"

"அப்பாதான். இன்னைக்குக் கொஞ்சம் அடம். யாரையும் தெரியல அவருக்கு. நீ கவலைப்படாத, நான் இருக்கேன்ல?"

சொல்லிக்கொண்டே அவர் அவள் தோளைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டார். கலைந்த முடியை ஒதுக்கினார். அவர் கண்களில் அவ்வளவு இரக்கம் இருந்தது. அவ்வளவு களைப்பும். உண்மையான கண்ணீரும்.

"என்னங்க" என்றார் அவளிடம், போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு. "எங்கயும் எழுந்து போயிடாதீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

பிறகு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்து மகளோடு பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் எப்படி இருக்கு, பையன் சாப்பிடுறானா, உடம்பைப் பார்த்துக்கோ. போனுக்குள் மகள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். வெயில் தரையில் அசையாமல் கிடந்தது.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அசைகிற அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கவே விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அதே சொற்களுக்கு. அரை நொடி பின்னால். சத்தமே இல்லாமல்.